பதினாலரை

எனக்கு வாய் நீளம். இதை என் அம்மா சொல்லியிருக்கிறாள், என்னைக் கட்டிக்கொண்டவர் சொல்லியிருக்கிறார், பதினெட்டு வருஷம் நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள். ஒரு கணக்கு முடிச்சு என் முன்னால் விழுந்தால் அதை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததை நாலு பேர் கேட்கச் சொல்லவும் வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் வாயால் கெட்டது அனுப்பிரியா.

அனுப்பிரியா எங்கள் கூடைப்பந்து அணியின் சென்டர், கூடைக்கு அடியில் நின்று ஆடுகிறவள். வெள்ளகோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, ஆறடிக்கு மேலே ஒரு அங்குலம். பெண்கள் கூடைப்பந்து லீக் எங்கள் பக்கம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஏழு ஊர், ஏழு அணி. முதலாளிகள் எல்லோரும் பனியன்காரர்கள், இல்லையென்றால் விசைத்தறிக்காரர்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஒரு முதலாளி மகன், அங்கே ஆடுகிற பெரிய லீகின் விதிகளைப் பார்த்து, கோடிகளை லட்சமாக்கி, நூற்று நாற்பது பக்கத்துக்கு விதிப்புத்தகம் எழுதிவிட்டார். அதை முழுக்கப் படித்த ஆள் திருப்பூரில் நான் ஒருத்திதான். அதனால்தான் எங்கள் முதலாளி மகுடேஸ்வரன், ஷிப்பிங் டாகுமெண்ட் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அணியின் சம்பளக் கணக்கைக் கையில் கொடுத்தார்.

விதி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு அணிக்கும் சம்பள வரம்பு ஒரு கோடி. அதற்குக் கீழே இருக்கிற அணியிடம் காலியிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் கொள்ளும்வரை யாரையும் எடுத்துக்கொள்ளலாம். சொந்த ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ள மட்டும் வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு சலுகை உண்டு. எங்கள் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடியே இருபது லட்சத்தில் போய் நின்றார். அப்படித் தாண்டி நிற்கிற அணி வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டுமென்றால், அதே சம்பளத்துக்கு ஓர் ஆளை வெளியே அனுப்ப வேண்டும். பதிலுக்கு யாரையும் வாங்காமல் சும்மா அனுப்பிவிட்டால், போன ஆளின் சம்பள அளவுக்கு லீக் ஒரு விலக்கு தரும். டிரேடு எக்ஸெப்ஷன் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் அந்த விலக்கைக் காட்டி, அந்த அளவுக்குள் அடங்குகிற ஒருவரை உள்ளே கொண்டுவரலாம்.

எங்களிடம் அப்படி இரண்டு விலக்குகள் இருந்தன. ஆறு லட்சத்துக்கு ஒன்று, எட்டு லட்சத்துக்கு ஒன்று.

ஜூன் பத்தாம் தேதி, புதன்கிழமை, மத்தியானம் முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு ஆபீசுக்கு வந்தார். எங்கள் ஆபீஸ் அவருடைய நிட்டிங் யூனிட்டுக்கு மேல் மாடி; மெஷின் ஓடினால் மேஜையில் வைத்த பேனா தானாக நகரும். வந்தவர் உட்காரக்கூட இல்லை. சிவன்மலை அடிவாரத்தில் வைத்து ஈரோட்டு அணிக்காரரோடு வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். ஈரோட்டு அணி செலவைக் குறைக்கிறது. அங்கே ஆடுகிற சித்ரகலா நமக்கு வருகிறாள். சம்பளம் பதினாலு லட்சம். அவளுடைய அப்பாவும் வந்து தாம்பூலத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார். எல்லாம் முடிந்தது, இனி பேப்பர் மட்டும்தான் பாக்கி என்றார்.

"ஆறும் எட்டும் பதினாலுங்க அம்மிணி. கணக்கு கச்சிதமா உக்காந்துது பாருங்க."

அவர் எங்கே வழுக்கினார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அமெரிக்காவுக்கு இத்தனை டஜன் துணிதான் அனுப்பலாம் என்று கோட்டா இருந்த காலத்தில் நானும் அவரும் அதைத்தான் செய்தோம். ஒருத்தரிடம் ஆயிரம் டஜன், இன்னொருத்தரிடம் ஐந்நூறு டஜன் என்று மிச்சக் கோட்டாவை வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஷிப்மெண்டாக ஏற்றுவோம். திருப்பூர்க்காரனுக்குத் துண்டு துண்டாகக் கிடப்பதை ஒட்டி முழுசாக்குவது கைவந்த கலை. விலக்கையும் அப்படி ஒட்டலாம் என்று அவர் நினைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தட்டை மாற்றிவிட்டார்.

எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒரு விலக்குக்கு ஒரு ஆள். இரண்டு விலக்கை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. ஆறு லட்சத்துக்காரி ஒருத்தியும் எட்டு லட்சத்துக்காரி ஒருத்தியும் வரலாமே தவிர, பதினாலு லட்சத்துக்காரி வர முடியாது.

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. அந்தக் குடும்பங்கள் இரண்டு தலைமுறைக்கு ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைப்பதில்லை. கோர்ட்டு பத்திரத்தை மீறிவிட்டு ஊருக்குள் நடமாடலாம். தட்டு மாற்றியதை மீறிவிட்டு நடமாட முடியாது.

"வாக்குக் குடுத்துட்டனே அம்மிணி" என்றார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் சுவரில் வெள்ளைப் பலகை இருந்தது. அதில் எங்கள் அணியின் பன்னிரண்டு சம்பளமும் என் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. பேர் எழுதி வைத்தால் வருகிற போகிறவர்கள் படித்துவிட்டு வம்பு பேசுவார்கள் என்று எண்களை மட்டும்தான் எழுதியிருந்தேன். எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூட்டு திறந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அது நிஜமான சந்தோஷம்.

"பதினாலர ஒண்ணு இருக்குதுங்க" என்றேன். "சோமனூர்ல எடம் காலியாக் கெடக்குது. பதிலுக்கு ஒண்ணும் வாங்காம அங்க தள்ளிட்டா, பதினாலரைக்கு ஒரே விலக்கு கெடைக்கும். சித்ரகலா அதுக்குள்ள அடங்கிருவாங்க."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "பதினாலர யாருங்க அம்மிணி?" என்று கேட்டார்.

அப்போதுதான் எண்ணுக்கு முகம் வந்தது. அவரே ஃபைலைத் திறந்து, விரலை வைத்துக் கீழே இறக்கி, பேரைப் படித்தார். பிறகு சோமனூருக்குப் போன் போட்டார்.

அனுப்பிரியாவின் இடது முட்டியைப் பற்றி டாக்டரைத் தவிர இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் அன்று மூன்று பேர்தான். அவள், நான், எங்கள் கோச். மே மாதக் கடைசியில் அவள் என்னிடம் வந்து, குதித்து இறங்கும்போது முட்டி வழுக்கிக்கொண்டு போகிறது என்று சொன்னாள். தனியாகப் போய் ஸ்கேன் எடுத்திருந்தாள். உள்ளே தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தால் எட்டு மாதத்தில் பழையபடி ஆடலாம், அதற்குள் இன்னொரு தடவை மோசமாக விழுந்தால் அப்புறம் ஆட்டத்தை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் என்னிடம் கேட்டது விதி. நான் சொன்னேன். அவளுடைய அடுத்த வருஷ ஒப்பந்தம் ஜூன் முப்பதாம் தேதிதான் உறுதியாகும். அதற்கு முன்னால் காயம் என்று சொன்னால் கிளப் கழற்றிவிடலாம். அதற்குப் பிறகு சொன்னால் ஆபரேஷன், சம்பளம் எல்லாம் கிளப் பொறுப்பு. மறைத்தது நடுவில் தெரிந்துவிட்டால் ஒப்பந்தமே செல்லாது.

"முப்பது வரைக்கும் வாயத் தொறக்காத கண்ணு" என்று சொன்னவள் நான்தான். தொடர்ந்து இரண்டு ஆட்டம் இறங்காவிட்டால் லீக் டாக்டர் வந்து பார்ப்பார் என்று ஒரு விதி. அதனால் ஒரு ஆட்டம் விட்டு ஒரு ஆட்டம் இரண்டு நிமிஷம் மட்டும் இறக்கி, குதிக்க விடாமல் வெளியே எடுத்துவிடும்படி கோச்சிடம் பேசி வைத்ததும் நான்தான். இன்னும் இருபது நாள். ஓட்டிவிடலாம் என்று இருந்தோம்.

வியாழக்கிழமை பேப்பர் போயிற்று. அன்று மத்தியானம் அனுப்பிரியா தன் பையை எடுத்துப்போக வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சோமனூர் ஒன்றும் சீமை இல்லையே, பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். பிறகு வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அங்க டாக்டர் பாப்பாங்களாக்கா?"

பார்ப்பார்கள் என்றேன். ஆளை வாங்குகிற அணிக்கு மூன்று நாள் அவகாசம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சோதித்து, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். யாராவது புகார் கொடுத்தாலும் அதற்குள் கொடுக்க வேண்டும். அப்படியானால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. நூற்று நாற்பது பக்கத்தில் அதற்குப் பதில் எங்கேயும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக வைத்து, படியிறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை நான் டாக்டர் சோதனை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கச் சோமனூர் போனேன். அங்கே அணியின் முதலாளி சென்னியப்பன். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவர். அவருடைய ஆபீஸ் தறிக்கூடத்தை ஒட்டி இருந்தது. அறுபது தறி ஓடுகிற சத்தத்தில் மற்றவர்கள் எல்லாம் கத்திப் பேசுவார்கள். அவர் மட்டும் குரலை உயர்த்தவே மாட்டார். கேட்க வேண்டியவர்தான் குனிந்து கிட்டே போக வேண்டும். எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். அப்புறம் டாக்டர் சர்டிபிகேட்டை என் பக்கம் தள்ளினார். ஆடத் தகுதி என்று எழுதி, சீல் வைத்திருந்தது.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அவர் பேசினார்.

"எடது முட்டிங்க. ஸ்கேன்ல டாக்டர் காட்டுனாருங்க. உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன்.

"நல்லதுங்க. எனக்கும் தெரியாதுங்க" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கக்கூட இல்லை. மோரைக் குடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் ரொம்ப மரியாதையாக எனக்கு விளக்கினார். அவருக்கு ஆள் தேவையில்லை, எண்தான் தேவை. காலியிடத்தை வைத்துக்கொண்டு பெரிய ஆட்டக்காரியை இழுக்க முடியாது. யாரும் சோமனூருக்குத் தானாக வர மாட்டார்கள். ஆனால் கையில் ஒரு பதினாலரை இருந்தால், அதே சம்பளத்துக்கு நல்ல ஆள் வைத்திருக்கிற அணியோடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு அணி ஏற்கெனவே வாய் திறந்து கேட்டுவிட்டது. அடுத்த வாரம் அனுப்பிரியா அங்கே போய்விடுவாள். முட்டி அவர்களுடைய பாடு. லீகின் காயப் பட்டியலில் பேர் ஏறிவிட்டால் மட்டும் மாற்ற முடியாது, அதனால் ஏறக் கூடாது.

"ஞாயித்துக்கெழம ஆட்டத்த அவிய பாக்க வராங்க. முழுசா எறக்கி உடறமுங்க. ஓட்டிக் காட்டாத மாட்டச் சந்தைல யாருங்க வாங்குவா?"

இதுபோல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் செய்தது என் கணக்கின் அடுத்த வரி. ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்க நான் அவருக்கு வழி காட்டிவிட்டு வந்திருக்கிறேன். பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், மோரை முழுசாகக் குடித்திருந்தேன் என்பது உறைத்தது.

சனிக்கிழமை காலையில் அனுப்பிரியாவுக்குப் போன் செய்தேன். அவள் குரலில் அப்படி ஒரு மலர்ச்சி. டாக்டர் நல்ல மாதிரி, முட்டியை அமுக்கிப் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், பழைய ஸ்கேனில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்கும், நாளைக்கு முதல் ஐந்து பேரில் தன் பேர் இருக்கிறது என்றாள். வாரக்கணக்கில் பயத்தில் இருந்தவளிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருத்தர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

அவர் பொய் சொல்கிறார், நாளைக்கு ஆடாதே என்றேன். உன் பேரை முதலாளியிடம் எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"ஆடமாட்டேன்னா ஏன்னு கேப்பாங்கல்லக்கா" என்றாள். "முட்டின்னு சொன்னா ஒப்பந்தம் போயிரும். நீங்கதானுங்க சொன்னீங்க. முப்பது வரைக்கும் வாயத் தொறக்காதேன்னு."

போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஒரு வழி இருந்தது. லீக் டாக்டருக்கு ஒரு மெயில். ஸ்கேன் எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியும், தேதி தெரியும். மறைக்கச் சொன்னது நான் என்று எழுதிவிட்டால் அவள் மேல் விழுகிற பழியில் பாதியாவது குறையும். எழுதினேன். பதினொரு வரி. அதை அனுப்பினால் மாற்றல் ரத்தாகும். சித்ரகலா வர முடியாது. முதலாளியின் வாக்கு ஈரோட்டில் சந்தி சிரிக்கும். என் வேலை போகும், இனி எந்தப் பனியன் கம்பெனியும் என்னை வாசலில் ஏற்றாது. அனுப்பிரியாவின் ஒப்பந்தமும் போகலாம், அவளுக்காகத்தான் தயங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயம்தான், அதற்கு வேறு பேர் வைக்க நான் தயாராக இல்லை. மணி ஐந்தே முக்கால் ஆனது. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு ஆனது. மெயில் அப்படியே இருந்தது. நான் வீட்டுக்குப் போய் இட்லிக்கு மாவு ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திருப்பூரில், எங்கள் அணிக்கும் சோமனூருக்கும். மூன்று மணிக்கே உள்ளரங்கம் நிறைந்துவிட்டது. முதலாளி என்னைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார். அவருக்கு மறுபக்கம் ஈரோட்டுக்காரர், அதற்கு அடுத்து சித்ரகலாவின் அப்பா. வாக்கைக் காப்பாற்றிய மனிதரின் முகத்தில் இருக்கிற தெளிவு முதலாளி முகத்தில் இருந்தது. எதிர் வரிசையில் சென்னியப்பன், இரண்டு புது ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

முதல் பாதி முழுக்க அனுப்பிரியா ஆடினாள். நன்றாகவே ஆடினாள். அவளுக்கு எதிரே நின்றது சித்ரகலா. வலுவான பெண், சுத்தமான ஆட்டக்காரி, அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஒவ்வொரு தடவை பந்து கூடையில் பட்டுத் திரும்பும்போதும் இரண்டு பேரும் சேர்ந்து குதித்தார்கள். நான் பந்தைப் பார்க்கவே இல்லை. அனுப்பிரியாவின் இடது கால் தரையைத் தொடுவதை மட்டும் பார்த்தேன். பத்து தடவை இறங்கினாள், இருபது தடவை இறங்கினாள். எதிர் வரிசைப் புது ஆட்கள் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருவேளை அந்த டாக்டர் சொன்னது நிஜமாகவே இருக்குமோ என்று எனக்கே ஒரு நப்பாசை வந்தது.

மூன்றாவது கால்பகுதியில், ஒரு சாதாரணப் பந்துக்கு, பக்கத்தில் யாருமே இல்லாதபோது குதித்தாள். பந்தைப் பிடித்தாள். இறங்கினாள். முட்டி உள்பக்கமாக மடிந்தது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்தாள்; நடுவர் வந்து வாங்கும்வரை அதை விடவில்லை.

முதலாளி என் பக்கம் சாய்ந்தார்.

"அவியளால இதக் காட்டி நம்மகிட்டத் திருப்பித் தள்ள முடியுங்களா அம்மிணி?"

"முடியாதுங்க. நேத்து ஆறு மணியோட முடிஞ்சுதுங்க" என்றேன்.

புத்தகத்தைப் பார்க்காமல், யோசிக்காமல் சொன்னேன். சரியான பதில். அவர் மெல்ல மூச்சு விட்டுவிட்டு, ஈரோட்டுக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுந்து கீழே போனேன். யாரும் தடுக்கவில்லை, என் கழுத்தில் கிளப் அட்டை தொங்கியது. சோமனூர் பெஞ்சுக்குப் பின்னால் அவளைக் கிடத்தியிருந்தார்கள். முகம் முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று குனிந்தேன்.

"முட்டின்னு சொல்லீராதீங்கக்கா" என்றாள் என் காதில். "கணுக்கால் சுளுக்குன்னு சொல்லுங்க. முப்பது வரைக்கும்."

லீக் டாக்டர் கையில் படிவத்தோடு வந்து மண்டியிட்டார். எங்கே அடி என்று கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எல்லோர் கண் முன்னாலும் அந்த முட்டி வீங்கிக்கொண்டிருந்தது.

கணுக்கால் என்று சொன்னேன்.